போர்டோ, மருந்துக் கடைக்கு வெளியே

முதல் நாள், போர்டோ

"போர்டோவுக்குப் போறேன்ப்பா" என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "மருந்து வாங்கவா?"

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவர்களுக்கு போர்டோ என்பது ஊர் இல்லை, இலை நோய்க்கு அடிக்கும் மருந்துக் கலவை. 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். கலந்த பிறகு அப்பா அரிவாள் நுனியை உள்ளே முக்கி எடுப்பார். இரும்பில் செம்பு நிறம் ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அந்த நீல வாளியைச் சுற்றித்தான் நான் வளர்ந்தேன். அதற்குப் பெயர் கொடுத்த பிரான்ஸ் தேசத்து ஊரைப் பார்க்க நாற்பது வயது ஆகிவிட்டது.

எங்கள் பந்தலில் இருப்பது ஒரே ரகம், பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் பாஸ்போர்ட் பெயர். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஊரில் அதற்கு ஒரு மிடுக்கு வந்திருக்கிறது. ஆனால் ஒரே ரகத்தைப் பார்த்துப் பழகியவனுக்கு, திராட்சையில் இத்தனை சாதி, இத்தனை குணம் உண்டு என்பது புத்தகத்தில் படிக்கிற சங்கதிதான். அதனால்தான் இந்த எட்டு நாள் பயணம். துலூஸில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் காரும் விடுமுறையும் தருவதாகச் சொன்னான். செப்டம்பர் கடைசி, அறுவடைக் காலம். அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கொடியை வெட்டிவிடும் கவாத்துக்கு முன்னால் ஊர் வந்து சேர வேண்டும்.

இன்று ஆற்றங்கரையில் நடந்ததோடு சரி. கரோன் ஆறு எங்கள் முல்லைப் பெரியாற்றின் வெள்ளக் கால நிறத்தில் ஓடுகிறது. நல்ல தூக்கம் வேண்டும்.

இரண்டாம் நாள், மெதோக்

காலையில் வடக்கே போயாக் என்ற ஊரை நோக்கிக் கிளம்பினோம். ஒரு பக்கம் ஜிரோந்த் முகத்துவாரம், மறுபக்கம் கொடிகள். கொடி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. என் இடுப்பளவுதான் உயரம். நமக்குத் திராட்சை என்றால் கல்தூண், கம்பி, தலைக்கு மேலே பந்தல், குனிந்து போனால் நிழல். இங்கே கத்தரித்த வேலிபோல வரிசை வரிசையாக, செடிக்குச் செடி ஒரு மீட்டர். ஏக்கருக்கு நாலாயிரம் செடி வருகிறது. எங்கள் தோட்டத்தில் அறுநூற்றுச் சொச்சம்.

மண்ணைப் பார்த்தேன். மண்ணே இல்லை, சரளை! ரோடு போடக் கொட்டி வைத்ததுபோலக் கூழாங்கல். பிரனீஸ் மலைப் பக்கமிருந்து ஆறு பல யுகங்களாக உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தது. தண்ணீர் தங்காது, பகலில் வாங்கிய வெயிலை ராத்திரி வரைக்கும் வைத்திருக்கும். இந்தக் கல்லுக்கென்றே பிறந்த ரகம் கபெர்னே சோவிஞோன். தாமதமாகப் பழுக்கும் சாதி. குளிர்ந்த மண்ணில் வைத்தால் பழுத்து முடிவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். சரியாகப் பழுக்காத காய் பச்சைக் குடமிளகாய் வாசம் அடிக்கும். அடியிலிருந்து சூடு கொடுக்கும் சரளைதான் அதைக் கரை சேர்க்கிறது.

ஒரு தோட்டத்தில் அனுமதி வாங்கி ஒரு பழம் பறித்தேன். பெரிய சுண்டைக்காய் அளவுதான். தோல் தடிப்பு. விரலால் நசுக்கினால் வந்த சாறு கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருந்தது. நிறம் மொத்தமும் தோலில் இருக்கிறது, தோலோடு ஊறவைத்தால்தான் ஒயின் சிவக்கும். தோலை மட்டும் மென்றேன். நாக்கின் இரு பக்கமும் இழுத்துப் பிடித்தது, வாழைக்காய்த் தோலைக் கடித்த மாதிரி. சின்னப் பழம், தடித்த தோல், உள்ளே கொட்டை, சதை கொஞ்சம்: துவர்ப்பு ஏறாமல் என்ன செய்யும்? ஒயின்காரர்கள் டானின் டானின் என்று சுற்றி வளைத்துச் சொல்வதை நம் அறுசுவைக் கணக்கு எப்போதோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. அந்தத் துவர்ப்புதான் இந்த ஒயினை இருபது முப்பது வருடம் பாட்டிலில் தாங்க வைக்கிறது.

இந்தக் கருத்த பழத்துக்கு அப்பாவோ அம்மாவோ ஒரு வெள்ளைத் திராட்சை! கபெர்னே ஃபிரான், சோவிஞோன் பிளான் இரண்டும் எப்போதோ தோட்டத்தில் தானாகக் கலந்து பிறந்த பிள்ளை இது. பெயரிலேயே பெற்றோர் இருவரும் இருந்தும், 1997ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுவைச் சோதித்துச் சொல்லும்வரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் சேன் ஜூலியன். நான் முக்கியமாகப் பார்க்க வந்த ஊர் இதுதான். 1882ல் மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் இந்தப் பக்கம் நடந்து போகும்போது, அடிச்சாம்பல் நோயில் எல்லாச் செடியும் இலை உதிர்த்து நிற்க, ரோட்டோர வரிசைகள் மட்டும் பச்சையாக இருப்பதைப் பார்த்தார். வழிப்போக்கர்கள் பழம் திருடாமல் இருக்க, விஷம் மாதிரித் தெரியட்டும் என்று துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்திருந்தார்களாம். 1885ல் முறையாகச் சோதித்து வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. திருட்டுக்குப் பயந்து அடித்தது நோய்க்கு மருந்தானது. ராத்திரி போனில் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் சிரித்தார். "நம்மளும் களவாணிக்குப் பயந்து எதையாச்சும் அடிச்சுப் பாத்திருக்கலாம்யா."

பிறகு குரல் தணிந்தது. "குடிச்சியா?"

"கொப்புளிச்சுத் துப்பிட்டேன்ப்பா." பொய்யில்லை. ருசி பார்க்கும் இடங்களில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். எல்லாத் தடவையும் துப்பினேனா என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், சேன் எமிலியோன்

தோர்தோன் ஆற்றைத் தாண்டியதும் கல் போய்க் களிமண் வருகிறது. செருப்பில் ஒட்டிக்கொண்டு கூடவே நடக்கிறது. களிமண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் குளிர்ச்சி. கபெர்னேவுக்கு இது ஆகாது. இங்கே ராஜா மெர்லோ. கபெர்னேவைவிட ஒன்றிரண்டு வாரம் முந்திப் பழுத்துவிடும், மண் குளிர்ந்தாலும் கவலையில்லை. மெதோக்கில் நேற்று கபெர்னே இன்னும் கொடியில் தொங்கியது, இங்கே பாதித் தோட்டம் காலி.

மிச்சமிருந்த கொத்தில் ஒன்றைச் சுவைத்தேன். பழம் பெரிசு, தோல் மெலிசு, சதை தாராளம். துவர்ப்பு இருக்கிறது, ஆனால் அதட்டவில்லை. பழுத்த நாவல் பழம் தொண்டையில் இறங்குகிற மாதிரி. மெர்ல் என்றால் கரும்பறவை, பழுத்ததும் அந்தப் பறவை முதலில் கொத்துமாம். பெயர் அப்படி வந்தது என்கிறார்கள்.

போர்டோ என்றதும் உலகம் கபெர்னேவைச் சொல்லும். ஆனால் இந்த வட்டாரத்தில் அதிகம் பயிராவது மெர்லோதான். தனி ரகமாகப் பாட்டிலில் அடைப்பதும் குறைவு, இரண்டையும் கலப்பதுதான் வழக்கம். காரணம் ருசி மட்டுமில்லை. ஒரு வருடம் பூப்பூக்கும் நேரத்தில் மழை அடித்தால் மெர்லோ பூ உதிர்த்துவிடும்; இன்னொரு வருடம் கடைசியில் மழை வந்தால் கபெர்னே பழுக்காது. ஒன்று கைவிட்டால் மற்றொன்று. ஊடுபயிர் போடுகிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கார்மெனேர் என்றொரு ரகம் முன்பு இந்த வட்டாரத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பேன் வந்து தோட்டங்களை அழித்தபோது அதுவும் போனது, திரும்ப யாரும் பெரிதாக நடவில்லை. 1994ல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சு நிபுணர் சிலி நாட்டுக்குப் போனவர், அங்கே மெர்லோ என்று எல்லோரும் நம்பி வளர்த்த செடியைப் பார்த்து, இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார். வேர்ப்பேன் வருவதற்கு முன்பே கப்பலேறிப் போன குச்சிகள். இலையையும் பூவையும் வைத்தே அடையாளம் சொன்னார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எங்கள் ஊரிலும் இலையைத் தடவிப் பார்த்துக் கன்றின் யோக்கியதை சொல்லும் கிழவர்கள் உண்டு.

ஊர் அழகு. ஒரே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து கட்டிய கோயில் ஒன்று பூமிக்கடியில் இருக்கிறது. சாப்பாட்டு விலை அழகாக இல்லை.

நான்காம் நாள், காஓர்

லோ என்ற ஆறு பாம்புபோல வளைந்து வளைந்து ஓட, ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு திராட்சைத் தோட்டம். ரகம் மால்பெக். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் உள்ளூர்ப் பெரியவர்கள் முகத்தில் சுரத்தில்லை. அவர்களுக்கு அது கோ, அல்லது ஓசெருவா. "மாப்ள, மூணு பேர் உள்ளவன் கடன்காரனாத்தான் இருப்பான்" என்றான் நண்பன்.

ஒயினைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் அந்தப் பக்கம் இருக்கும் விரல் தெரியவில்லை. கருப்பு ஒயின் என்றே இதற்குப் பழைய பெயர். 1956 பிப்ரவரியில் அடித்த கடும் பனியில் இங்குள்ள தோட்டங்கள் கிட்டத்தட்ட மொத்தமாகக் கருகிப் போயின. தளர்ந்துவிடாமல் மறுபடி நட்டு, 1971ல் தங்கள் ஊர்ப் பெயருக்கு அங்கீகாரம் வாங்கினார்கள். காஓர் என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் இன்றும் மால்பெக் 70 சதவீதமாவது இருக்க வேண்டும்.

ஆனால் புகழ் போனது வேறிடம். 1853ல் பூஷே என்ற பிரெஞ்சுக்காரர் அர்ஜென்டினாவின் மெந்தோசாவுக்குக் குச்சிகளைக் கொண்டுபோனார். ஆண்டிஸ் மலையடிவார உயரத்தில், வறண்ட வெயிலில், பூ உதிரும் தொல்லை குறைந்து செடி கொழித்தது. இன்று மால்பெக் என்றால் எல்லோரும் அர்ஜென்டினா என்கிறார்கள். அங்கே அது இனிப்பாக, மெத்தென்று வருமாம். இங்கே கறாராக இருக்கிறது. மெர்லோவுக்கும் இதற்கும் அம்மா ஒன்றே, மக்தலேன் நுவார் என்ற கிட்டத்தட்ட மறைந்துபோன ரகம், அப்பாதான் வேறு. எனக்கு இந்தத் தம்பியைத்தான் பிடித்திருந்தது. நண்பனுக்குப் பிடிக்கவில்லை, கசாயம் என்றான்.

ஐந்தாம் நாள், காரில்

நாள் முழுக்க ஓட்டம். நடுவில் ஒரு டயர் காற்று இறங்கி ஒன்றரை மணி நேரம் போனது. கத்தரித்த வேலி மாதிரித் தோட்டங்கள் இரு பக்கமும் வந்துகொண்டே இருந்தன. கரிஞான் என்றும் கிரனாஷ் என்றும் நண்பன் பலகை படித்துச் சொன்னான், நான் தூங்கிவிட்டேன்.

ஆறாம் நாள், ஷத்தோநெஃப் து பாப்

இங்கே வந்த பிறகு மெதோக் சரளையெல்லாம் மணல் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு கல்லும் தேங்காய் அளவு, சிலது அம்மிக் குழவி அளவு. மண்ணே கண்ணில் படவில்லை. ரோன் ஆறு ஒரு காலத்தில் உருட்டி விட்டுப் போனவை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கல்லில் கை வைத்தேன், இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இளஞ்சூடு.

இது கிரனாஷின் ஊர். பிறப்பு ஸ்பெயின், அங்கே கர்னாச்சா. கம்பியோ பந்தலோ கிடையாது. குட்டையான, முறுக்கிய அடிமரம், அதிலிருந்து நாலைந்து கை. ஒரு செடி நிற்பது தோட்டத்தில் முண்டாசு கட்டிய கிழவர் குத்தவைத்திருப்பது போல. காரணம் காற்று. மிஸ்த்ரால் என்ற வடக்குக் காற்று ரோன் பள்ளத்தாக்கின் வழியே நாள்கணக்கில் அடிக்கும். இன்று அடித்ததில் நண்பனின் தொப்பி அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டது. காற்றைத் தாங்க இந்தத் தடித்த கட்டை வேண்டும். அதே காற்று இலை ஈரத்தை உலர்த்திவிடுவதால் நோயும் குறைவு. வெயில், வறட்சி, காற்று மூன்றையும் ஒன்றாகத் தாங்கும் ரகம் குறைவுதான்.

பழம் மெல்லிய தோல். நிறம் சுமார், சர்க்கரை அதிகம், அதனால் ஒயினில் ஆல்கஹாலும் 15 சதவீதம் சர்வசாதாரணம். துணைக்கு நிறத்துக்கும் முதுகெலும்புக்கும் சிரா, மூர்வேத்ர் என்ற ரகங்களைச் சேர்ப்பார்கள். மொத்தம் 13 ரகங்களுக்கு அனுமதி உண்டு. 1954ல் இந்த ஊர் நகராட்சி, பறக்கும் தட்டுகள் எங்கள் தோட்டங்களில் இறங்கக் கூடாது என்று முறைப்படி ஆணையே போட்டது. நகைச்சுவையா விளம்பரமா தெரியாது. அதன் பிறகு எதுவும் இறங்கவில்லை என்பதால் ஆணை வெற்றி.

அப்பாவுக்கு வீடியோவில் கல்லைக் காட்டினேன். நம்பவில்லை. "இதுல எப்படிய்யா களையெடுப்பாங்க?" பிறகு வழக்கமான கேள்வி: "ஏக்கருக்கு எத்தனை டன்?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். இங்கே எக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டருக்கு, அதாவது 3,500 லிட்டருக்கு மேல் ஒயின் எடுக்கக் கூடாது என்பது சட்டம். நம் கணக்கில் ஏக்கருக்குப் பழம் இரண்டு டன்னுக்கும் கீழே. அதுவும் வருடத்துக்கு ஒரு தடவைதான். நவம்பரிலிருந்து மார்ச் வரை செடி இலையில்லாமல் தூங்கும்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. எங்கள் ஊரில் கொடி தூங்காது. கவாத்து செய்தால் துளிர்க்கும், துளிர்த்தால் காய்க்கும், கவாத்தைத் தள்ளிப் போட்டு அறுவடையையும் தள்ளலாம். வருடம் முழுக்க யாரோ ஒருவர் பந்தலில் பழம் இருக்கும். "அஞ்சு மாசம் தூங்குற செடிய வச்சு இவங்க பணக்காரங்களா இருக்காங்க. நாம முழிச்சுக்கிட்டே இருக்கோம்" என்றார்.

ஏழாம் நாள், தான் லெர்மிதாஜ்

ரோன் ஓரமாகவே வடக்கே ஏறினோம். பள்ளத்தாக்கு குறுகி, இரு பக்கமும் மலை நெருக்குகிறது. கம்பம் மெட்டுப் பாதையில் ஏறும்போது வருகிற அதே உணர்வு. ஆற்றை ஒட்டி நெட்டாக நிற்கும் கருங்கல் குன்றுதான் எர்மிதாஜ். குன்று முழுக்கச் சேர்த்து 140 எக்டேர்கூட வராது. கல்லடுக்கிக் கட்டிய படிகள், டிராக்டர் ஏறாது, ஒவ்வொரு செடிக்கும் ஒரு குச்சி ஊன்றி ஆளே ஏறிப் பறிக்க வேண்டும்.

இங்கே வளர்வது சிரா. பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்ததாக ஒரு கதை நெடுங்காலம் ஓடியது. 1998ல் மரபணுச் சோதனை கதையை முடித்துவைத்தது. துரேசா என்ற கருப்பு ரகமும் மொந்தேஸ் பிளான்ஷ் என்ற வெள்ளை ரகமும் பெற்ற பிள்ளை, இரண்டுமே இந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். அக்கம்பக்கத்துச் சம்பந்தம்தான்.

குவளையை மூக்கருகே கொண்டுபோன நொடியில் குமுளி ஞாபகம் வந்துவிட்டது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், மலைச்சரக்குக் கடையில் மிளகு மூட்டையை அவிழ்த்தால் ஒரு வாசம் எழுமே, அதே வாசம். கற்பனை என்று நினைத்தேன். இல்லையாம். ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் இந்தத் திராட்சைத் தோலிலும் அந்த வாசத்தைக் கொடுக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008ல் கண்டுபிடித்து எழுதினார்கள். குளிர்ச்சியான இடத்துச் சிராவில் அது தூக்கலாக இருக்கும், வெயில் மிகுந்தால் அடங்கிப் போகும். அதனால்தான் ஷிராஸ் என்ற பெயரில் ஆஸ்திரேலியாவின் வெப்பமான பகுதிகளிலிருந்து வருவது ஜாம் மாதிரி இனிப்பு வாசத்தோடும், இங்கே உள்ளது மிளகோடும் இருக்கிறது. செடி ஒன்றுதான்.

ஒரு காலத்தில் போர்டோ வியாபாரிகள் தங்கள் ஒயின் வெளுத்துப்போன வருடங்களில் இங்கிருந்து பீப்பாய் பீப்பாயாக வாங்கிக் கலந்து தேற்றுவார்கள். எர்மிதாஜ் கலந்தது என்று அப்போது பெருமையாகவே சொல்லி விற்றார்கள்.

இந்த ஒயினை மட்டும் துப்பவில்லை.

எட்டாம் நாள், போன்

ஊர் பெயரே போன்தான். போனிலிருந்து போன் செய்தேன் என்று நண்பன் காலையிலிருந்து மூன்று பேரிடம் சொல்லிவிட்டான்.

வரும் வழியில் போஜொலே, காமே ரகம். நிற்க நேரமில்லை. 1395ல், போன் இருக்கும் இந்தப் பர்கண்டி வட்டாரத்தை ஆண்ட பிலிப் கோமகன் காமேவைத் துரோகச் செடி என்று திட்டித் தன் மண்ணிலிருந்து பிடுங்கச் சொன்னார். நிறையக் காய்க்கிறது என்பதுதான் அது செய்த குற்றம். தெற்கே கருங்கல் மண்ணுக்குப் போய் அது சுகமாகப் பிழைத்துக்கொண்டது.

கோமகன் காப்பாற்ற நினைத்தது பினோ நுவாரை. வரகுக்கும் சோளத்துக்கும் பழகியவர்கள் மத்தியில் இது சீரகச் சம்பா. கொத்து பைன் மரக் காய்போல இறுக்கமாக இருக்கும், பெயரும் அப்படித்தான் வந்தது. இறுக்கத்தில் காற்றுப் புகாது. மழை பெய்தால் உள்ளேயிருந்து அழுகும். தோல் மெலிசு, ஒயினில் நிறம் குறைவு. சீக்கிரம் துளிர்த்துப் பனியில் மாட்டும். வெயில் கூடினால் வாசம் போய்விடும். இத்தனை வம்புக்கும் ஈடாக, ஒரு சுண்ணாம்புச் சரிவில் கிழக்கு முகமாக, காலை வெயில் பட வைத்தால், பத்தடி தள்ளியுள்ள மண்ணின் வித்தியாசத்தைக்கூடக் குவளையில் காட்டும் என்கிறார்கள். அந்த அளவு என் நாக்குக்குப் பிடிபடவில்லை. ஈர மண், ரோஜா, ஏதோ ஒரு புளித்த பழம். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

என்னைப் பிடித்து நிறுத்தியது குளோ த வூழோ. சிஸ்டெர்சியன் துறவிகள் மதில் கட்டி வளர்த்த 50 எக்டேர் தோட்டம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு தேவாலயச் சொத்து ஏலத்துக்குப் போய், பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற சட்டமும் சேர்ந்து, இன்று உள்ளே ஏறத்தாழ 80 பேருக்குப் பங்கு. சிலருக்குச் சில வரிசைகள் மட்டும். வரப்புக்கூட இல்லை, உன் வரிசை முடிந்து என் வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் கல். பாகப் பிரிவினையில் எங்கள் தாத்தாவின் ஏழு ஏக்கர் நாலு துண்டானதையும், கிணற்றுக்கு முறை வைத்ததையும் நினைத்துக்கொண்டேன். இங்கே துண்டாகத் துண்டாக விலை ஏறுகிறது. பக்கத்தில் ரோமானே கோந்தி மொத்தமே 1.8 எக்டேர், நாலரை ஏக்கர். முகப்பில் ஒரு கல் சிலுவை. அதன் ஒரு பாட்டில் விலையை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அறுவடை முடிந்துவிட்டது. இலை பழுக்கத் தொடங்கியிருந்தது. பினோ பழத்தைச் சுவைக்காமலே திரும்புவதா என்று வரிசை ஓரமாகத் தேடிக்கொண்டு போனதில், ஒரு செடியின் உச்சியில், இலைக்குப் பின்னால், பெருவிரல் நீளத்துக்கு ஒரு கொத்து. பக்கக் கிளையில் பிந்தி வந்ததை அறுவடைக்காரர்கள் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே வேலையாக இருந்தவரிடம் சைகையில் கேட்டேன், தோளைக் குலுக்கினார். ஒரு பழம் எடுத்து வாயில் போட்டேன். சுத்தப் புளிப்பு! கொட்டை இன்னும் பச்சை.

ராத்திரி அப்பா கடைசியாகக் கேட்டார். "ஒரு குச்சி கொண்டாரலாமா?"

விமான நிலையத்தில் விடமாட்டார்கள், நோய் வந்துவிடும் என்று சட்டம் இருக்கிறது, வேர்ப்பேன் கதை சொன்னேனே என்றேன்.

"தெரியும்யா, சும்மா கேட்டேன். இந்தக் கடைசி ஊர்ச் செடி வேணாம், அது சீக்காளி. அந்தக் கல்லுல குத்தவச்சிருந்துச்சே, காத்துக்கு நிக்கிற செடி, அது நம்ம ஆடிக் காத்துக்குத் தாங்கும்." கொஞ்சம் நிறுத்தி, "கவாத்துக்கு ஆள் சொல்லிட்டேன். திங்கக்கிழம வந்துருவேல்ல?"